தகடும் கையும்: எந்திர எச்சங்களை வாசிப்பது குறித்து

கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் உண்டு. செப்பேடு படிப்பவர்கள், ஓலை படிப்பவர்கள், நாணயத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தே எந்த அரசன் என்று சொல்லிவிடுகிறவர்கள் எல்லாம் உண்டு. ஆனால் கிணற்று மோட்டாரின் வயிற்றில், அரிசி மில் எந்திரத்தின் விலாவில், கழித்துப் போட்ட பஸ்ஸின் எஞ்சினில் நாலு ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும் விரல் நீளத் தகட்டை ஒரு பிரதியாக யாரும் மதிப்பதில்லை. காயலான் கடைக்காரருக்கு அது பித்தளையா அலுமினியமா என்பதுதான் கேள்வி. நமக்கு அந்தக் கேள்வியும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் செப்பேடுகள் இந்தத் தகடுகள்தான் என்பது என் அபிப்பிராயம். செப்பேடு மாதிரியே இவையும் உடைமையைச் சொல்லும், கொடுத்தவன் பேரைச் சொல்லும், உழுதவன் பேரைச் சொல்லாது.

ஐரோப்பாவில் இந்தத் தகடுகளைப் படிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 1939க்கும் 1945க்கும் இடையில் விழுந்த ஜெர்மன் போர் விமானங்களின் சிதறல்கள் வயல்களிலும் ஏரிகளிலும் காட்டிலும் இன்னமும் கிடைக்கின்றன. உழும்போது ஒரு துண்டு வரும். ஏரியில் வலை மாட்டும். அந்தத் துண்டை வைத்து இது எந்த விமானம், எந்த வருஷம், ஓட்டியவன் யார் என்று கண்டுபிடிக்கிறார்கள். பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். ராணுவ எந்திரங்களின் மேல் ஆண்களுக்கு இருக்கிற மோகம் இதில் கொஞ்சம் கலந்தே இருக்கிறது. ஆனாலும் அவர்களுடைய முறை நமக்குத் தேவை. பழனி மலையில், கோடைக்கானலில், 2001இல் வெடித்த ஒரு விவகாரமும் பழைய இரும்புக் கடையில் கிடந்த எச்சத்திலிருந்துதான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் முறை.

நாஜி அரசின் விமானத்துறை அமைச்சகம் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து வைத்திருந்தது. விமான உடல் என்றால் முன்னால் 8, பிஸ்டன் எஞ்சின் என்றால் 9. மெஸ்ஸர்ஷ்மிட்டின் 109 ரக விமானம் 8-109. ஃபோக்கே-வுல்ஃபின் 190 ரகம் 8-190. யுங்கர்ஸின் 88 ரகம் 8-88. டைம்லர்-பென்ஸின் 605 எஞ்சின் 9-605. உதிரிபாகத் தகட்டில் வரைபட எண் ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் இந்த ரக எண்ணிலேயே தொடங்கும். ஆக, மண்ணிலிருந்து எடுத்த கையகல அலுமினியத் துண்டில் 109 என்று தொடங்கும் எண் வரிசை தெரிந்தால், இந்தத் துண்டு எந்த ரகத்துக்காகச் செய்யப்பட்டது என்பது புரிந்துவிடும். மையால் அடித்த முத்திரை எழுபது எண்பது வருஷ ஈரத்தில் போய்விடுகிறது. குத்தி அடித்த எழுத்து நிற்கிறது. அதிகாரம் எப்போதும் குத்தித்தான் எழுதும் என்று ஃபூக்கோ படித்த நண்பர்கள் சொல்லலாம். நான் உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரகம் தெரிந்தால் போதுமா என்றால் போதாது. விமானத்தின் பிரதானத் தகட்டில் தொழிற்சாலை கொடுத்த வரிசை எண் இருக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று. ஜெர்மன் விமானப் படையின் தளவாடத் தலைமை அலுவலகம் இழப்புப் பட்டியல் எழுதி வைத்திருந்தது. எந்தத் தேதியில், எந்தப் பிரிவின், எந்த வரிசை எண்ணுள்ள விமானம் விழுந்தது, உள்ளே யார் இருந்தார்கள், செத்தார்களா பிழைத்தார்களா என்பதெல்லாம் அதில் உண்டு. 1944ஆம் வருஷத்துப் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதற்கு முந்தியவை பெருமளவு தப்பித்தன. தகட்டின் எண்ணும் பட்டியலின் எண்ணும் பொருந்தினால் வேலை முடிந்தது. காணாமல் போனவன் என்று எழுதப்பட்ட இருபது வயதுப் பையனுக்கு ஒரு கல்லறை கிடைக்கிறது. அவன் நாஜிப் படையில் பறந்தவன்தான். இருந்தாலும் அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் என்பதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த வாசிப்பில் நிறைய பள்ளங்கள் உண்டு. அவசரக்காரர்கள் விழுகிற இடங்கள் அவைதான். உயரமானி, திசைகாட்டி மாதிரியான கருவிகளில் ஜெர்மன் மொழியில் ‘எஃப்எல்’ என்று தொடங்கும் எண் இருக்கும். அது கருவியின் எண். ஒரே கருவி பத்து ரக விமானத்தில் பொருந்தும் என்பதால் அதை வைத்து விமானத்தைச் சொல்ல முடியாது. எஞ்சினின் எண் வேறு, உடலின் எண் வேறு. எஞ்சினை மாற்றுவது லாரிக்கு டயர் மாற்றுகிற மாதிரி அன்றாட வேலை. அடிபட்ட விமானத்துக்கு இன்னொரு அடிபட்ட விமானத்தின் இறக்கையை வைத்துத் தைப்பார்கள். இறக்கையில் ஒரு எண், உடலில் ஒரு எண். 109 ரக விமானத்தை மெஸ்ஸர்ஷ்மிட் மட்டும் செய்யவில்லை. லைப்சிக்கில் எர்லா என்ற கம்பெனி செய்தது, வீனர் நொய்ஷ்டாட்டில் ஒரு தொழிற்சாலை செய்தது, இன்னும் பலர் செய்தார்கள். அந்த விமானத்தின் ‘பிஎஃப்’ என்ற முன்னெழுத்துகூட மெஸ்ஸர்ஷ்மிட்டின் பெயர் இல்லை. 1938இல் பெயர் மாறுவதற்கு முன் கம்பெனிக்கு ‘பவேரிய விமானத் தொழிற்சாலை’ என்று பெயர். கம்பெனி பெயர் மாறிவிட்டது, எழுத்து தங்கிவிட்டது. ஒரு தகடு தன்னைப் பற்றி மட்டும்தான் சாட்சி சொல்லும். பக்கத்துத் துண்டுக்கு அது ஜாமீன் நிற்காது.

சரி, ஜெர்மன்காரன் விமானத்தில் நமக்கென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த விமானங்கள் எதுவும் நம் பக்கம் வந்து விழவில்லை. நம் நினைவில் இருக்கும் ஜெர்மன் எந்திரம் ஒரு கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு மெட்ராஸ் மேல் நூற்று முப்பது குண்டுகள் போல வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன். அது தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்கிற நம் பேச்சில் கப்பல் இல்லை, கப்பலின் சாமர்த்தியம் மட்டும் மிச்சம். இரண்டாம் போரில் தமிழர்கள் தலைக்கு மேல் வந்தவை ஜப்பானிய விமானங்கள். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பு, 9இல் திருகோணமலை. அவற்றிலும் தகடுகள் இருந்தன. பசிபிக் போர்க்களத்தில் விழுந்த ஜப்பானிய விமானங்களின் தகடுகளை நேச நாட்டு உளவுக்காரர்கள் மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள்.

ஏன் எடுத்துப் போனார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விமானியின் தாய்க்குச் செய்தி சொல்ல அல்ல. எதிரி மாசம் எத்தனை செய்கிறான் என்று எண்ண. லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தோடு இணைந்திருந்த பொருளாதாரப் போர்ப் பிரிவு, பிடிபட்ட ஜெர்மன் டாங்குகள், லாரிகள், டயர்கள் ஆகியவற்றின் எண்களைச் சேகரித்துக் கணக்குப் போட்டது. கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஊரில் ஆட்டோக்களுக்கு ஒன்றிலிருந்து வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டில் கண்ணில் பட்ட ஐந்து ஆட்டோவில் பெரிய எண் 60. அப்படியானால் ஊரில் மொத்தம் 71 அளவில் ஆட்டோ இருக்கும் என்று கணிதம் சொல்லும்: பெரிய எண்ணை ஐந்தால் வகுத்து, அதை அந்த எண்ணோடேயே கூட்டி, ஒன்று கழிக்க வேண்டும். இதை வைத்து 1940 ஜூன் மாதம் ஜெர்மனி 169 டாங்கு செய்தது என்று கணித்தார்கள். ஒற்றர்கள் ஆயிரம் என்றார்கள். போர் முடிந்து ஜெர்மானியரின் சொந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் 122. 1942 ஆகஸ்டில் ஒற்றர் சொன்னது 1550, தகடு சொன்னது 327, உண்மை 342. ரிச்சர்ட் ரகில்ஸ், ஹென்றி ப்ரோடி என்ற இருவர் 1947இல் இந்த முறையை ஒரு புள்ளியியல் இதழில் எழுதினார்கள். மனுஷ ஒற்றன் பயத்தில் பெருக்கிச் சொல்கிறான், தகடு பயப்படுவதில்லை.

ஜெர்மானியருக்கும் இந்த ஆபத்து தெரிந்திருந்தது. விமான வரிசை எண்ணைப் பிற்பாடு ஆறு இலக்கமாக்கி, இடையிடையே பெரிய இடைவெளி விட்டுத் தொகுதி தொகுதியாகக் கொடுத்தார்கள். ஆயுதங்களில் தொழிற்சாலையின் பெயரை எடுத்துவிட்டுச் சின்ன எழுத்துச் சங்கேதம் குத்தினார்கள். ‘பி-ஒய்-எஃப்’ என்று இருந்தால் ஓபர்ன்டார்ஃபில் உள்ள மௌசர் தொழிற்சாலை. குண்டு போட வருகிறவனுக்கு எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்று தெரியக்கூடாது. ஆக தகடு என்பது சும்மா ஒரு அடையாளச் சீட்டு இல்லை. எதைச் சொல்வது, யாரிடமிருந்து எதை மறைப்பது என்று யோசித்து எழுதப்பட்ட பிரதி அது. சங்கேதம் எதிரியிடமிருந்து கம்பெனியை மறைத்தது. போர் முடிந்ததும் சங்கேதப் பட்டியல் வெளியே வந்துவிட்டது. இன்னொரு மறைப்பு இருக்கிறது. அதை அவிழ்க்கப் பட்டியல் எதுவும் இல்லை.

எர்லா என்று சொன்னேன். லைப்சிக்கில் 109 ரகம் செய்த கம்பெனி. அதன் ஆலைகளில் வேலை செய்தவர்களில் ஒரு பகுதியினர் லைப்சிக்-தெக்லா முகாமின் கைதிகள். புகன்வால்ட் வதைமுகாமின் கிளை அது. 1945 ஏப்ரல் 18ஆம் தேதி, அமெரிக்கப் படை ஊருக்குள் வந்துகொண்டிருந்த நேரத்தில், நடக்க முடியாமல் விட்டுச் செல்லப்பட்ட நோயாளிக் கைதிகளைக் கொட்டகைக்குள் அடைத்து எஸ்.எஸ். காவலர்கள் தீ வைத்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களைச் சுட்டார்கள். குறைந்தது எண்பது பேர் செத்தார்கள். ஃப்ளோசன்பூர்க் முகாம் முதலில் கிரானைட் கல் உடைக்கிற முகாம். 1943இலிருந்து அங்கேயே மெஸ்ஸர்ஷ்மிட்டுக்குப் பாகங்கள் செய்யவைத்தார்கள். ஆஸ்திரியாவில் சங்க்ட் கேயார்கன் ஊரில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, 262 ரக ஜெட் விமானத்தின் உடலைச் செய்தவர்கள் மௌத்தவுசன்-குசன் முகாமின் கைதிகள். ஒரானியன்பூர்கில் ஹைங்கெல் கம்பெனிக்கு சாக்சன்ஹவுசன் கைதிகள். ஏரியிலிருந்து எடுக்கும் 109இன் இறக்கைத் துண்டில் ரிவெட் வரிசை எவ்வளவு நேர்த்தி என்று அந்தக் கூட்டத்தினர் வியந்து எழுதும்போது எனக்கு அந்த ரிவெட்டை அடித்த கை யாருடையது என்றுதான் கேட்கத் தோன்றும்.

இதில் ஒரு விவரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மௌத்தவுசன், குசன் முகாம்களில் கைதியின் எண்ணைத் துணியில் தைத்ததோடு விடவில்லை. சின்னத் தகரத் துண்டில் எண்ணைக் குத்தி, கம்பியில் கோத்து, மணிக்கட்டில் கட்டினார்கள். விமானத்துக்கும் தகடு, விமானத்தைச் செய்தவனுக்கும் தகடு. இரண்டிலும் எண், இரண்டும் குத்தி எழுதியது. ஒன்றைப் படித்தால் விமானியின் பெயர் வரை போக முடிகிறது. மற்றதைப் படித்தாலும் ஒரு பெயருக்குப் போகலாம். ஜெர்மனியில் ஆரோல்சன் ஊரில் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் முகாம் பதிவேடுகள் கோடிக்கணக்கான தாள்களில் இருக்கின்றன, இப்போது பலவற்றைக் கணினியிலேயே பார்க்கலாம். ஆனால் இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்குப் போகும் பாதை கிடையாது. இன்ன வரிசை எண் விமானத்தை இன்ன எண் கைதி செய்தான் என்று தகட்டில் ஒருவரும் எழுதவில்லை. அதிகாரியின் பதிவேட்டைப் புரட்டிப் போட்டு அதில் கலகக்காரனைக் கண்டுபிடிக்கலாம் என்று ரணஜித் குகா நமக்குக் கற்றுக் கொடுத்தார். அதற்குப் பதிவேட்டில் கலகக்காரன் எதிரியாகவாவது இடம்பெற வேண்டும். போலீஸ் ரிப்போர்ட்டில் அவன் இருக்கிறான், திட்டி எழுதியிருந்தாலும் இருக்கிறான். தகட்டில் தொழிலாளி திட்டு வாங்குகிற அளவுக்குக்கூட இல்லை.

இந்த இரண்டு தகடுகளும் ஒரே வராந்தாவில் சந்தித்த இடம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. குரோம்பேட்டை. 1949இல் ராஜம் ஆரம்பித்த மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. 1950களின் நடுவில் அங்கே விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுக’ளில் தன் ஆசிரியர்களை நினைவுகூர்கிறார். வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த, சேவையிலிருந்து கழித்த இரண்டு விமானங்களைப் பார்த்துத்தான் அந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது என்கிறார். விமான இயக்கவியல் சொல்லிக் கொடுத்த ஸ்பாண்டர் ஆஸ்திரியாக்காரர். போரின்போது நாஜிகளிடம் பிடிபட்டு வதைமுகாமில் இருந்தவர். ஜெர்மானியர் என்றாலே அவருக்கு ஆகாது. துறைத் தலைவரோ வால்டர் ரெபன்தின் என்ற ஜெர்மானியர். அதோடு கலாம் இன்னொரு பேராசிரியரையும் குறிப்பிடுகிறார்: கூர்ட் டாங்க். ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ வடிவமைத்தவர்.

கலாம் இதை ஒரே பத்தியில் தாண்டிப் போய்விடுகிறார். ஸ்பாண்டர் அந்தச் சங்கடங்களுக்கு நடுவிலும் தன் தனித்தன்மையைக் காத்தார் என்ற அளவில் நிற்கிறது. நான் அந்தப் பத்தியைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். 190 ரக விமானத்தின் தகடுகளில் ஃபோக்கே-வுல்ஃப் என்று இருக்கும். வடிவமைத்த டாங்கின் பெயர் விமான நூல்கள் எல்லாவற்றிலும் இருக்கும். அடிமை உழைப்பு ஓடிய அந்தப் போர்த் தொழிலின் தலைமை மேசையிலிருந்து வந்த ஒருவரும், அதே அரசின் முகாமிலிருந்து உயிர் தப்பிய ஒருவரும் குரோம்பேட்டை வெயிலில் ஒரே துறையில் பாடம் எடுத்திருக்கிறார்கள். நம் பையன்கள் இரண்டு பேரிடமும் நோட்ஸ் எடுத்திருக்கிறார்கள். டாங்க் 1947இல் அர்ஜென்டினாவுக்குப் போய், பிறகு இந்தியா வந்து, பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் மாருத் போர் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17இல் அது முதலில் பறந்தது. 1971 போரில் சண்டை போட்டது. நம்மில் மாருத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் உருவ அழகைச் சொல்வார்கள், எஞ்சின் வலு போதவில்லை என்று வருத்தப்படுவார்கள். அணிசேரா நாட்டின் விமானம் என்று பெருமைப்படுவார்கள். அறிவுக்கு வரலாறு கிடையாது என்ற நம்பிக்கை ‘தொழில்நுட்ப இறக்குமதி’ என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒளிந்திருக்கிறது. ஸ்பாண்டரின் முகச்சுளிப்பு அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த ஒரே மறுப்பு. அதுவும் ஒரு மாணவரின் ஞாபகத்தில்தான் பதிவாகியிருக்கிறது.

தொழில்நுட்ப இறக்குமதி என்றதும் கோடைக்கானலுக்கு வந்துவிடலாம். இந்த மலைக்கு எந்திரம் ஏறுவது புதுசு இல்லை. 1895இல் அடிக்கல் நாட்டி, 1901இல் சூரியனைப் பார்க்கத் தொடங்கிய வானாய்வகத்தில் தகடு படிக்கத் தெரிந்தவனுக்கு நல்ல வேட்டை. சூரியனைக் கால்சிய ஒளியில் படம் எடுக்க 1904இலிருந்து பயன்பட்ட கருவி கேம்பிரிட்ஜ் சயன்டிஃபிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியுடையது. 1912இல் புனேயிலிருந்து வந்த இருபது அங்குலத் தொலைநோக்கி டப்ளின் க்ரப் கம்பெனியுடையது. பாவ்நகர் மகாராஜா பணம் கொடுத்தது. கம்பெனி பேர் உண்டு, மகாராஜா பேர் உண்டு. இங்கே 1909இல் கண்டுபிடித்த சூரியப் புள்ளி வாயு ஓட்டத்துக்கு எவர்ஷெட் பேர் உண்டு. மோட்டார் பாதை 1916இல்தான் திறந்தார்கள். அதுவரை மலைக்கு வந்த கண்ணாடி, இரும்பு, பியானோ, வெள்ளைக்காரத் துரைசானி எல்லாமே மனுஷத் தோளையும் மிருகங்களையும் நம்பித்தான் ஏறின. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து ஏறும் பழைய பாதைக்குக் ‘கூலி காட்’ என்றே பெயர் வைத்தார்கள். பாதைக்குத்தான் பெயர், தூக்கினவர்களுக்கு இல்லை.

தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது 1983இல். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் கம்பெனி நடத்திய பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டு, அந்த எந்திரங்கள் கடல் தாண்டி, மலை ஏறி, செயின்ட் மேரிஸ் ரோட்டில் பாண்ட்ஸ் இந்தியா என்ற பெயரில் உட்கார்ந்தன. பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்த தெர்மாமீட்டரும் வெளிநாட்டுக்கே போனது. இங்கே தங்கியது வேலையும் கழிவும். 1987இல் செஸ்ப்ரோ-பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா ஹிந்துஸ்தான் லீவரோடு சேர்ந்தது. 2007இல் அது ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஆனது. பவேரிய விமானத் தொழிற்சாலைக்குச் சொன்ன அதே கதைதான். எந்திரம் ஒன்று, தகடு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வழக்கு வரும்போது ‘இது யாருடையது’ என்று கேட்டால் பதில் சொல்ல மூன்று நாலு பெயரைத் தாண்ட வேண்டும்.

2001 மார்ச் 7ஆம் தேதி. மூஞ்சிக்கல்லில், ஜனங்கள் நடமாடும் இடத்தில், பழைய இரும்புக் கடை ஒன்றில் சாக்குச் சாக்காக உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஊர்க்காரர்களோடும் முன்னாள் தொழிலாளர்களோடும் சேர்ந்து ஊருக்குக் காட்டினார்கள். 7.4 டன் என்றார்கள். நிறுவனம் சொன்ன கணக்கு அதைவிடக் குறைவு. பாதரசம் ஒட்டிய கண்ணாடி அது. மறுநாளே ஆலை உற்பத்தியை நிறுத்தியது. இங்கே வரைபட எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. மெல்லிய கண்ணாடிக் குழல், நுனியில் குமிழ், அதற்குள் வெள்ளி மணி. இதைச் செய்கிற ஆலை இந்த மலையிலேயே ஒன்றுதான். செய்தவர்களும் இதே ஊரில்தான் இருந்தார்கள். ஜெர்மன் தகட்டில் எது இல்லையோ அது இங்கே நேரில் வந்து நின்றது. எச்சத்தைக் காட்டி ‘இது நாங்க செஞ்சது’ என்று சொல்லக் கை இருந்தது. இந்தப் போராட்டத்தின் வலுவே அதுதான் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து வந்த சூழலியல்வாதிகள் மட்டும் சொல்லியிருந்தால் இது இயற்கை ரசிகர்களின் புலம்பலாக முடிந்திருக்கும்.

ஆனால் அடுத்த கேள்வியில் தகடு முறை கையை விரித்துவிட்டது. கண்ணாடி யாருடையது என்று நிரூபித்தாயிற்று. உடம்பில் ஏறியது யாருடையது என்று எப்படி நிரூபிப்பது? பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். நிறமில்லை, வாசனையில்லை. மூச்சில் போய் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் பிடிக்கும். பிறகு அது தங்குவதில்லை. உடம்பில் ஏறியதில் பாதி சுமார் இரண்டு மாசத்தில் வெளியேறிவிடும். ஆலையை விட்டு வந்து நாலு வருஷம் ஆனவரின் சிறுநீரைச் சோதித்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். கை நடுக்கம் இருக்கும், ஞாபக மறதி இருக்கும், சிறுநீரகம் கெட்டிருக்கும், பாதரசம் இருக்காது. சேதம் மிச்சம், சாட்சி மாயம். தொழிலாளர்கள் நோய்களையும் சாவுகளையும் பட்டியலிட்டார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால் பாதிப்பு இல்லை என்று நிறுவனம் தான் நடத்திய ஆய்வுகளைக் காட்டிச் சொல்லிவருகிறது. உலோகத்தின் மேல் குத்திய எண் எண்பது வருஷம் மண்ணில் நிற்கிறது. மனுஷ உடம்பில் எழுதியது இரண்டு மாசத்தில் பாதி அழிகிறது. எச்சத்தை மட்டும் சாட்சியாக ஏற்கும் சட்டமும் விஞ்ஞானமும் யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மரத்தில் படர்ந்த பாசி மறக்கவில்லை. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகம் ஒன்றின் விஞ்ஞானிகள் கோடைக்கானலின் பாசி, மரப்பட்டையில் ஒட்டும் லைக்கன், ஏரி நீர், ஏரி வண்டல், மீன் ஆகியவற்றைச் சோதித்து, ஆலையின் பாதரசம் அவற்றில் ஏறியிருப்பதைப் பிரசுரித்தார்கள். பாசிக்கு வேர் இல்லை. காற்றிலிருந்தே குடிக்கிறது, குடித்ததை விடுவதில்லை. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை; அந்த நீர் கும்பக்கரை வழியே வைகைப் பக்கம் இறங்குகிறது. ஆலை மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை சுத்தம் செய்தால் போதும் என்று ஒரு அளவுகோல் ஏற்கப்பட்டது. ஐரோப்பாவில் இதைவிடக் கறாராகச் செய்வார்களே என்று இயக்கத்தினர் கேட்டார்கள். மலை உச்சியில், சோலைக்கு மேலே, எது ‘போதும்’ என்பதை யார் தீர்மானிப்பது என்ற அந்தச் சண்டை பல வருஷம் ஓடியது.

2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்ப அனுப்பப்பட்டது. பென்சில்வேனியாவில் பாதரசத்தை மீட்டெடுக்கும் ஆலைக்கு. எந்திரம் வந்த திசையிலேயே கழிவும் போனது. நம் நாட்டுச் சூழலியல் போராட்டங்களில் அபூர்வமான வெற்றி அது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 290 டன் என்று நாம் சொல்ல முடிவதற்குக் காரணம் ஒவ்வொரு பீப்பாயையும் எடை போட்டுச் சீட்டு ஒட்டி அனுப்பியதுதான். கண்ணாடிக்கு எடையும் சீட்டும் கிடைத்தன. தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்து வருஷம் ஆனது. 2015இல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு உலகம் முழுக்கப் பரவிய பிறகுதான் வெளியூர்ப் பத்திரிகைகள் இந்த மலையின் பெயரைச் சரியாக எழுதக் கற்றுக்கொண்டன.

2016 மார்ச்சில் நிறுவனமும் முன்னாள் தொழிலாளர் சங்கமும் ஒப்பந்தத்துக்கு வந்தன. 591 பேர். பொறுப்பு என்று நிறுவனம் எதையும் ஏற்கவில்லை. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பது என்றது. இருபது வருஷத்துக்கு மேல் தெர்மாமீட்டர் ஒன்றில்கூட இடம் பெறாத கைகளின் பட்டியல் அப்போதுதான், கணக்குத் தீர்ப்பதற்காக, பெயர் பெயராக எழுதப்பட்டது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின்படி ரகசியம்.